அத்தியாயம் 7: சாமியார் பாத்திரத்தைச் சோதித்துப் பார்த்தல்

பாத்திர விளையாட்டொன்றை எழுதும்போது அதிகம் திருத்த வேண்டி வருவது சாமியாரைத்தான். வள்ளம் ஓட்டுகிறவருக்கும், வைத்தியம் பார்க்கிறவருக்கும், வழக்குப் பேசுகிறவருக்கும் எல்லை தானாகவே வந்துவிடும். தண்டையலுக்குக் கடல் தெரியும், நாடி பிடிக்கத் தெரியாது. பரியாரியாருக்கு மூலிகை தெரியும், பாய்மரம் தெரியாது. சாமியாருக்கோ நடக்கப்போவது தெரியும், நோய் தீர்க்க முடியும், பேய் விரட்ட முடியும், மனதில் உள்ளதையும் படிக்க முடியும். இப்படி எழுதிவிட்டால் மேசையைச் சுற்றி இருக்கும் மற்ற நான்கு பேருக்கும் என்ன வேலை?

சாமியார் விதியை எப்படிச் சோதிப்பது என்று இந்த அத்தியாயம் படிப்படியாகக் காட்டும். எடுத்துக்காட்டுக் கதை 1910 அளவில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் நடக்கிறது. காங்கேசன்துறைக்கு ரயில் வந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல்கள் இன்னும் ஓடுகின்றன. முந்திய அத்தியாயங்களில் போலவே கதையை நடத்துபவரை இங்கேயும் அண்ணாவியார் என்றே அழைக்கிறோம்.

பிறர் பட்ட பாடு

இந்தச் சிக்கல் உலகத்தின் மிகப் பெரிய பாத்திர விளையாட்டுக்கே வந்திருக்கிறது. டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் 1974இல் வெளியானது. அதன் ஐந்தாம் பதிப்புக்கு, மனோசக்தியால் இயங்கும் 'மிஸ்டிக்' என்றொரு பாத்திரத்தைச் சேர்க்க விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம் முயன்றது. முதல் வரைவு 2015 யூலையிலும், அடுத்தது 2016இலும் பொதுச் சோதனைக்கு விடப்பட்டன. 2017 மார்ச்சில் வந்த மூன்றாவது வரைவு 28 பக்கம். அதில் ஆறு பிரிவுகள் இருந்தன. ஒருவர் போர்வீரர் போலச் சண்டையிடலாம், இன்னொருவர் மந்திரவாதி போலத் தீயை எறியலாம், வேறொருவர் காயமாற்றலாம், இடம்விட்டு இடம் தாவலாம்.

2020இல் வடிவமைப்பாளர்கள் அதைக் கைவிட்டார்கள். ஒரே பாத்திரம் அளவுக்கு மீறிப் பல வேலைகளைச் செய்து, மற்றப் பாத்திரங்களின் இடத்தை எடுத்துக்கொண்டதே முக்கிய காரணம். அதற்காக உழைப்பு வீணாகவில்லை. அந்தச் சக்திகளைப் பிரித்து வீரருக்குக் கொஞ்சம், கள்வருக்குக் கொஞ்சம், மந்திரவாதிக்குக் கொஞ்சம் என்று பகிர்ந்து 2020 நவம்பரில் வெளிவந்த நூலில் சேர்த்தார்கள்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். சாமியாருக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதை அளப்பது இரண்டாம் பட்சம். அவர் இருப்பதால் மற்றவர்கள் கூடச் செய்கிறார்களா, குறையச் செய்கிறார்களா என்பதையே முதலில் அளக்க வேண்டும்.

எங்கள் ஊரில் விடை இருக்கிறது

யாழ்ப்பாணத்துச் சித்தர் பரம்பரையை எண்ணிப் பாருங்கள். பெரிய கடை வீதியில் திரிந்த கடையிற் சுவாமி. நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமி. அவரிடம் வந்து சேர்ந்த யோகர் சுவாமி. யோகர் சுவாமி 1872இல் பிறந்து 1964இல் சமாதியானவர். துறவுக்கு முன் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தலத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தார். பின்னர் கொழும்புத்துறையில் ஒரு கொட்டிலில் வாழ்ந்தார்.

இவர்களைப் பற்றி ஊர் சொல்லும் கதைகளில் அற்புதங்களைவிட ஏச்சும் மௌனமும் துரத்தலும்தான் அதிகம். செல்லப்பா சுவாமியை ஊர் விசரன் என்றது. அவரும் கிட்ட வந்தவர்களை ஏசிக் கலைத்தார். கொழும்புத்துறைக் கொட்டிலுக்கு வாத்தியார்மாரும் உத்தியோகத்தரும் கமக்காரரும் போனார்கள். சிலர் ஒரு சொல்லோடு திரும்பினார்கள், சிலர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். சொல் கிடைத்தவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் வேலையைத் தாங்களே செய்தார்கள்.

விதிக்கு வேண்டிய அடித்தளம் இதில் இருக்கிறது. சாமியாரின் பலம் அவர் எதை விட்டிருக்கிறார் என்பதிலிருந்து வரட்டும். அந்தப் பலம் ஒரு சொல்லாக வெளிப்படட்டும். செய்கை மற்றவர்களுடையதாக இருக்கட்டும். விட்டதிலிருந்து பலம் வருவது வேறு விளையாட்டுகளிலும் உண்டு. 1998இல் வந்த 'அன்நோன் ஆர்மீஸ்' விளையாட்டில் மந்திரம் பழகியவர் தன் விலக்கை மீறினால் சேர்த்துவைத்த சக்தி முழுவதையும் இழந்துவிடுவார்.

வரைவு விதி

சோதனைக்கு எடுக்கும் விதி ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. பலபக்கப் பகடை எங்கள் கடைகளில் இலகுவாகக் கிடைப்பதில்லை. 304 விளையாடும் தாள்கட்டு இல்லாத வீடு குறைவு. 2 முதல் 6 வரையான தாள்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 32 தாள், ஒவ்வோர் இனத்திலும் 8. நமக்கு அதுவே போதும்.

1. ஆட்டம் தொடங்கும்போது அண்ணாவியார் ஓர் இனத்தைத் துரும்பாக நினைத்து, ஒரு துண்டில் எழுதிக் கவிழ்த்து வைப்பார்.

2. ஒரு முயற்சிக்கு ஒருவர் சில தாள்கள் இழுப்பார். அதில் ஒன்றாவது துரும்பாக இருந்தால் முயற்சி வெற்றி. இழுத்த தாள்களைத் திருப்பிச் சேர்த்துக் கலைக்க வேண்டும்.

3. தன் தொழிலுக்குள் முயல்பவருக்கு 3 தாள். தொழிலுக்கு வெளியே 1 தாள்.

4. சாமியார் தொடக்கத்தில் 1 முதல் 4 வரை நோன்புகள் எடுப்பார். காசு தொடாமை, ஒருவேளை உணவு, பொழுதுபட்டபின் பேசாமை, ஒரே கூரையின் கீழ் இரண்டாம் இரவு தங்காமை போன்றவை. நோன்பு ஒன்றுக்கு ஒரு தாள். எந்த விடயத்திலும் இழுக்கலாம்.

5. நோன்பு முறிந்தால் அந்தத் தாள் அன்றைய ஆட்டத்துக்கு இல்லை.

நோன்பு மற்றவர்கள் கண்ணால் காணக்கூடியதாக இருக்க வேண்டும். 'கோபம் கொள்ளாமை' என்று எழுதினால் அது முறிந்ததா இல்லையா என்று மேசையில் வழக்குத்தான் வரும். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் பூசை செய்கிறவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார். அதைப் பார்ப்பவருக்கு விளக்கம் தேவையில்லை. நோன்பு அந்த அளவுக்குத் தெளிவாக இருக்கட்டும்.

முதற் சோதனை: தனியே, தாள்கட்டோடு

ஆட்களைக் கூப்பிட முன் கணக்கைப் பாருங்கள். 1 தாள் இழுத்தால் துரும்பு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 25. 2 தாளுக்கு 44. 3 தாளுக்கு 59. 4 தாளுக்கு 70. நம்பிக்கை இல்லாவிட்டால் கையில் கட்டை எடுத்து நூறு தடவை இழுத்துப் பாருங்கள். இலக்கங்கள் அச்சொட்டாக வராது, ஆனால் 3 தாளும் 4 தாளும் கைக்கு எப்படித் தெரிகின்றன என்று விளங்கும்.

இந்தக் கணக்கே ஒரு குறையைக் காட்டிவிடுகிறது. தண்டையல் தன் சொந்தக் கடலில் 59இல் நிற்கிறார். நான்கு நோன்புச் சாமியார் அதே கடலில் 70இல் நிற்கிறார். மருந்திலும் 70, வழக்கிலும் 70. 2017இன் மிஸ்டிக் பட்ட பாடு இங்கேயும் வரப்போகிறது. ஆனாலும் இப்போதே திருத்தாமல் மேசைக்குக் கொண்டுபோங்கள். கணக்கில் தெரிந்த குறை ஆட்களிடம் எந்த வடிவில் வெளிப்படுகிறது என்று கண்டால்தான் சரியான இடத்தில் கைவைக்கலாம்.

இரண்டாம் சோதனை: ஒரு காட்சி

முழுக் கதையை ஓட்ட வேண்டாம். அரை மணித்தியாலக் காட்சிகள் மூன்று போதும். ஒன்றில் சாமியாருக்கே முக்கிய வேலை இருக்கட்டும். இன்னொன்றில் அவருக்கு வேலையே இல்லாமல் இருக்கட்டும். மூன்றாவதில் அவருடைய நோன்பும் கூட்டாளிகளின் தேவையும் மோத வேண்டும்.

ஒரு காட்சியைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் யாத்திரைக் குழு முல்லைத்தீவு தாண்டிவிட்டது. பொழுதுபட்டுவிட்டது, பாதை தவறிவிட்டது, குழுவில் ஒரு பொடியனுக்குக் காய்ச்சல். குழுவில் தண்டையல், பரியாரியார், வாத்தியார், சாமியார். அண்ணாவியார் இருட்டையும் அலைச் சத்தத்தையும் சொல்லி முடித்துவிட்டுத் தண்டையலாக விளையாடுபவரைப் பார்க்கிறார். அவர் கை தாள்கட்டுக்குப் போகிறது, பாதியில் நிற்கிறது.

"அண்ணை, நான் ஏன் இழுப்பான்? சாமியைக் கேளுங்கோவன். அவருக்கு நாலு தாள், எனக்கு மூண்டு."

"வெள்ளி பாக்கிறது உங்கட தொழிலெல்லோ?"

"தொழில்தான். ஆனா அவர் இழுத்தாத்தானே எல்லாருக்கும் நல்லது."

தண்டையல் சொன்னது முழு நியாயம். அவர் சோம்பேறி இல்லை, கூட்டாளிகளுக்காகவே தன் இடத்தை விட்டுக்கொடுக்கிறார். அப்படி விட்டுக்கொடுக்கச் சொல்வது விதிதான். அடுத்தது காய்ச்சல். பரியாரியாரும் தாள்கட்டைச் சாமியார் பக்கம் தள்ளிவிடுகிறார். வாத்தியார் கைபேசியை எடுக்கிறார்.

இப்போது ஒரே ஒரு விதியை மாற்றுங்கள். நான்காம் விதியில் 'எந்த விடயத்திலும் இழுக்கலாம்' என்பதை எடுத்துவிட்டு, இதைப் போடுங்கள்: சாமியார் தன் நோன்புத் தாள்களை இழுப்பார். துரும்பு விழுந்தால் ஒரு வசனம் சொல்லலாம், அதுவே வாக்கு. வாக்கைக் கேட்டுச் செய்பவருக்கு ஒரு தாள் கூடும். துரும்பு விழாவிட்டால் அந்தக் காட்சியில் சாமியார் மறுபடி இழுக்க முடியாது.

அதே காட்சியைத் திரும்ப ஓட்டுங்கள். பொழுதுபட்டபின் பேசாமை என்ற நோன்பு இருப்பதால் சாமியாராக விளையாடுபவர் வாய் திறந்தால் ஒரு தாள் போகும். அவர் யோசிக்கிறார். மேசை முழுவதும் அவரைப் பார்க்கிறது. இழுக்கிறார், துரும்பு விழுகிறது. நோன்பை முறித்துச் சொல்கிறார்: "காத்து மாறின பக்கம் போ." தண்டையலாக இருப்பவர் உடனே கேட்கிறார்: "அப்ப கரை எனக்கு இடக்கைப் பக்கம். சரி, நாலு தாள் தாங்கோ." இந்தத் தடவை இழுக்கிற கை அவருடையது. வாக்குக்கு அர்த்தம் கண்டுபிடித்தவரும் அவர்தான்.

கணக்கும் ஒத்துப்போகிறது. வாக்குக் கிடைத்த தண்டையல் 59இல் இருந்து 70க்கு ஏறுகிறார், 11 கூடுகிறது. தொழில் தெரியாமல் தவிக்கும் ஒருவருக்கு அதே வாக்குக் கிடைத்தால் 25இல் இருந்து 44க்கு ஏறுகிறார், 19 கூடுகிறது. ஏலாதவருக்குத்தான் வாக்கு அதிகம் உதவுகிறது. விதி எழுதும்போது நாம் தேடியதும் இதுதான்.

ஒரு தடவைக்கு ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும். ஒவ்வொரு வரைவுக்கும் திகதி போட்டுப் பழையதைப் பத்திரமாக வையுங்கள்.

குறிப்புத் தாள்

சோதனை ஆட்டத்தில் விளையாடாத ஒருவர் ஓரமாக இருந்து குறிப்பெடுக்க வேண்டும். காட்சி ஒன்றுக்கு நான்கு விடயங்கள் போதும்.

• வழியைச் சொன்னது யார்?
• அதைச் செய்தது யார்?
• எந்த நோன்பு குறுக்கே வந்தது? கடைப்பிடிக்கப்பட்டதா, முறிந்ததா?
• யார், எந்த நேரத்தில், மேசையை விட்டுக் கவனத்தை எடுத்தார்?

முதல் இரண்டு வரியிலும் சாமியாரின் பெயரே திரும்பத் திரும்ப வந்தால் விதி சரியில்லை. மூன்றாவது வரி வெறுமையாகவே இருந்தால் நோன்புக்கு விலை இல்லை. நான்காவது வரியில் ஒரே ஆள் வந்துகொண்டிருந்தால் அவருடைய பாத்திரத்தை யாரோ சாப்பிடுகிறார்கள்.

ஆட்டம் முடிந்ததும் "நல்லா இருந்ததோ?" என்று கேட்க வேண்டாம். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும் விருந்தாளி "ஓம், நல்லாயிருந்தது" என்றுதான் சொல்வார், எங்கள் ஊர் மரியாதை அது. இப்படிக் கேளுங்கள்: "செய்ய நினைச்சுச் செய்யாமல் விட்டது எது?" "சாமியார் இல்லாட்டி அந்த இடத்தில என்ன செய்திருப்பியள்?" "எந்த நோன்பை முறிக்கச் சொல்லி உங்களுக்கு ஆசை வந்தது?" இதற்கு வரும் விடைகளில்தான் அடுத்த திருத்தம் இருக்கும்.

மூன்றாம் சோதனை: முறிக்கிற ஆள்

உங்களுக்குத் தெரிந்தவர்களில் 304இல் யாரும் வெல்ல முடியாத ஒருவர் இருப்பார். எல்லோருடைய தாளையும் நினைவில் வைத்து, கேள்வி கேட்கும் விதத்திலேயே கையில் இருப்பதை அறிபவர். அவரைக் கூப்பிட்டு, விதியை முறிக்கச் சொல்லுங்கள். பின்வரும் ஓட்டைகளை அவர் கட்டாயம் கண்டுபிடிப்பார்.

இலகு நோன்பு: பிறப்பிலேயே சைவச் சாப்பாட்டுக்காரரான பாத்திரம் 'மச்சம் தின்னாமை' என்று நோன்பெடுக்கும். விலையில்லாமல் ஒரு தாள். திருத்தம்: ஒரு நோன்பு முழு ஆட்டத்திலும் ஒருமுறையாவது குறுக்கே வராவிட்டால் அடுத்த ஆட்டத்தில் அதை மாற்ற வேண்டும்.

ஓயாத கேள்வி: ஒவ்வொரு காட்சியிலும் சாமியார் முதல் ஆளாக இழுப்பார். திருத்தம்: யாராவது வந்து கேட்டால் மட்டுமே அவர் இழுக்கலாம். இது ஊர் வழக்கத்துக்கும் பொருந்தும். சாமியார் வீடு வீடாகப் போய்ச் சொல்வதில்லை, ஆட்கள்தான் தேடிப் போவார்கள்.

மழுப்பல் வாக்கு: எந்தத் திசைக்கும் பொருந்துகிற வசனம். இதைத் திருத்த வேண்டாம். பொருள் கண்டு செய்பவர் இன்னொருவர் என்பதால் மழுப்பலான வாக்கு அவருக்குக் கூடுதல் இடம் தருகிறது. முறிக்கிற ஆள் கண்டுபிடிப்பதெல்லாம் குறை ஆகாது.

நான்காம் சோதனை: ஆள் மாற்றம்

வாயாடி ஒருவர் சாமியாராக இருந்தபோது ஓடிய விதி, கூச்சசுபாவம் உள்ளவர் கையில் படுத்துவிடலாம். சாமியார் பாத்திரத்தை மேசையைச் சுற்றி எல்லோருக்கும் கொடுத்துப் பாருங்கள். கூச்சமானவர்களுக்கு ஒரு வசன வாக்கு பெரும்பாலும் நன்றாகப் பொருந்தும். குறையச் சொல்லி அதிகம் தரக்கூடிய பாத்திரம் அது.

பிறகு விதித்தாளை இன்னோர் அண்ணாவியாரிடம் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் ஓரத்தில் இருங்கள். எந்த இடத்தில் அவர் தாளைத் திருப்பித் திருப்பி வாசிக்கிறாரோ, அந்த வசனத்தைத் திரும்ப எழுத வேண்டும். எந்த இடத்தில் தானாக ஒரு விதியைச் செய்துகொள்கிறாரோ, அங்கே நீங்கள் எழுத மறந்த ஒன்று இருக்கிறது.

மேசையில் வைக்கக்கூடாதவை

கடையிற் சுவாமி, செல்லப்பா சுவாமி, யோகர் சுவாமி ஆகியோரை விளையாட்டுப் பாத்திரமாக ஆக்க வேண்டாம். அவர்களுக்குக் குருபூசை நடக்கிறது, அவர்களை நம்பி வாழ்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் வாழ்ந்த விதத்திலிருந்து கற்றுக்கொண்டு, உங்கள் சாமியாரை நீங்களே படையுங்கள்.

பூசாரி, கட்டாடி போன்ற சடங்குத் தொழில்கள் குடாநாட்டில் சாதியோடு பிணைந்து வந்தவை. கதையில் அந்த அநியாயத்தைக் காட்டலாம், எதிர்க்கலாம். 'இன்ன சாதிக்கு இன்ன சக்தி' என்று விதித்தாளில் எழுதக்கூடாது. நோன்பு யாருக்கும் பொது.

கலை வந்து ஆடி வாக்குச் சொல்லும் பாத்திரங்களில் இன்னும் கவனம் வேண்டும். போர்க்காலத்தில் மட்டக்களப்பில் காணாமல் போன பிள்ளைகளைப் பற்றிக் கேட்கத் தாய்மார் அம்மன் கோயில்களுக்குப் போனதை மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வடக்கிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் இன்றும் பதிலுக்காக நிற்கிறார்கள். உங்கள் மேசையில் இருப்பவரின் அண்ணன் அந்தப் பட்டியலில் இருக்கலாம். '1910ஆம் ஆண்டுக் கதைதானே' என்று நினைக்காதீர்கள். "என்ர பிள்ளை உயிரோட இருக்கோ?" என்ற கேள்வி எந்த ஆண்டில் கேட்டாலும் ஒன்றுதான்.

ஆகவே தொடங்க முன் எல்லோரிடமும் தனித்தனியே கேளுங்கள்: எந்த விடயம் கதையில் வரக்கூடாது? காரணம் கேட்க வேண்டாம். தாள்கட்டில் பாவிக்காத ஜோக்கரை மேசை நடுவில் வையுங்கள். யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சி அப்போதே நிற்கும், விளக்கம் சொல்லத் தேவையில்லை. அமெரிக்க விளையாட்டு வடிவமைப்பாளர் ஜோன் ஸ்ரவ்றோபுலோஸ் அறிமுகப்படுத்திய 'எக்ஸ் கார்ட்' முறைதான் இது. சோதனை ஆட்டத்திலும் இது கட்டாயம். வரைவு விதி எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கே இன்னும் தெரியாது.

எப்போது முடிந்தது?

சோதனைக்கு முடிவே இல்லை என்று நினைத்து விதியை வருடக்கணக்கில் பெட்டிக்குள் வைத்திருப்பவர்கள் உண்டு. கீழ்க்காணும் நான்கும் வாய்த்தால் நிறுத்திவிடலாம்.

• நீங்கள் இல்லாத மேசையில் விதி குழப்பமின்றி ஓடுகிறது.
• ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு நோன்பாவது உண்மையான விலை கேட்கிறது.
• சாமியார் இல்லாத குழுவும் அதே கதையை முடிக்கிறது.
• சாமியார் உள்ள குழுவில், குறிப்புத் தாளின் 'செய்தது யார்' வரியில் கூடுதல் பெயர்கள் வருகின்றன.

நான்காவதுதான் தலையாயது. முதல் மூன்றும் சரிவந்து நான்காவது வராவிட்டால் விதி நேர்த்தியாக இருக்கிறது, ஆனால் சாமியார் இன்னும் மற்றவர்களின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். நோன்பைக் கூட்டுவதாலோ தாளைக் குறைப்பதாலோ அது தீராது. வாக்கு விதிக்குத் திரும்பிப் போங்கள். கேட்பவர் செய்வதற்கு வாக்கு இடம் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். விட்டிருக்காவிட்டால் அந்த வசனத்திலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.